சாவிக்காரரும் ‘யார்’ பாட்டும்

எந்தப் பூட்டு மக்கர் பண்ணினாலும் சாவிக்காரரைத்தான் கூப்பிடுவார்கள். மனுஷனுக்குக் கை சுத்தம், பேச்சு கம்மி, காது மட்டும் எப்போதும் ஆர்மீனியாவில். அந்த நாட்டு இளவட்டங்கள் பழைய நாட்டுப்பாட்டுக்கு கிட்டாரும் டிரம்ஸும் சேர்த்துப் பாடுவதைக் கைபேசியில் தற்செயலாகக் கேட்டவர், அப்படியே சொக்கிப்போனார். டுடுக் என்கிற மரக்குழல் இழுத்து ஊத ஆரம்பித்தால், சாவி ராவுகிற அரம்கூட மெதுவாகத்தான் நகரும்.

பாஷை சுத்தமாகப் புரியாது. ஒரே ஒரு வார்த்தை மட்டும் பளிச்சென்று கேட்கும்: ‘யார்’. பாட்டுக்குப் பாட்டு எவளாவது ‘யார், யார்’ என்று உருகுவாள். பாவம், கதவைத் தட்டுகிறவன் யாரென்று தெரியாமல் தவிக்கிறாள் போலிருக்கிறது! இவருக்கு மனசு கேட்காது. “நான்தான், நான்தான்” என்று கூடவே பதில் பாடுவார்.

வினை ஒரு மழைநாளில் வந்தது. சாவியை மறந்துவிட்டு வெளியே போன மனைவி, திரும்பி வந்து கதவைத் தட்டு தட்டென்று தட்டியிருக்கிறாள். உள்ளே இயர்போனோடு உட்கார்ந்திருந்த மகானுபாவர், இன்றைக்கு மேளம் என்னமாய் விழுகிறது என்று தலையாட்டி ரசித்திருக்கிறார். பாட்டு முடிந்தும் மேளம் நிற்காதபோதுதான் உறைத்தது.

தொப்பலாக நனைந்து நின்றவள், “ஊர்க் கதவையெல்லாம் திறப்பீங்க” என்றாள். அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

சாப்பாடு வரும், வார்த்தை வராது. சண்டை போட்டாலாவது தேவலை என்றிருந்தது. அவள் குரல் இல்லாமல் வீடு வீடாகவே இல்லை. இயர்போனைத் தூக்கி இழுப்பறையில் போட்டார். பாட்டில்லாத கடையில் கை சும்மா இருக்குமா? கைபேசியை நோண்டியதில் பாட்டின் அர்த்தம் அகப்பட்டது. அதைப் படித்ததும் வெட்கம் பிடுங்கித் தின்றது.

சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “அந்தப் பாட்டுல யார்னா ‘அன்பே’ன்னு அர்த்தமாம். நான் என்னடான்னா, யாருன்னு கேக்கறாளேன்னு இத்தனை நாளா பதில் சொல்லிட்டிருந்திருக்கேன்.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். அங்கே குழாய்த் தண்ணீர் தேவைக்கு அதிகமாகவே ஓடியது.

மறுநாள் சாயங்காலம் வந்தால், கதவு பூட்டியிருந்தது. இந்தப் பூட்டைக் கண்ணை மூடிக்கொண்டே திறப்பார். ஆனால் பைக்குள் கை போகவில்லை. பயந்து பயந்து தட்டினார்.

எப்போதும் “யாரு?” என்று அதட்டுகிற குரல் இன்று கடைசி ‘உ’வை விழுங்கிவிட்டு, நீட்டி முழக்கி, ராகமாய் வந்தது.

“யா...ர்?”

“நான்தான்” என்றார்.

கதவு திறக்கவில்லை. உள்ளேயிருந்து மறுபடியும் “யா...ர்?”

“நான்தான்” என்றார், இந்தத் தடவை மெட்டோடு.