பின்வளவு விளக்கும் ஜப்பான் கிழவரும்

அடுத்த வீட்டு ஜப்பான் கிழவரை எனக்குக் கண்ணிலும் காட்டக் கூடாது. இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து, மோர்னிங்சைட்டில் நாங்கள் வீடு வாங்கிக் குடிவந்த கையோடு வேலிக்கு மேலால் தலையை நீட்டி, “உங்கள் பின்வளவு விளக்கை அணைக்க முடியுமா?” என்று கேட்டார். வணக்கமும் இல்லை, சுகமா என்றும் இல்லை.

அந்த விளக்கை நான் அணைக்க மாட்டேன். ஊரில் என் அண்ணாவை வீட்டிலிருந்து கொண்டுபோன அன்று கரண்ட் இல்லை. வாசலில் நின்றவர்களின் முகத்தை அம்மாவும் காணவில்லை, நானும் காணவில்லை. அதற்குப் பிறகு நான் இருட்டில் இருந்ததில்லை. இதையெல்லாம் வேலியில் தொங்கும் கிழவருக்கு விளங்கப்படுத்த எனக்கு என்ன தலையெழுத்து? “ஏலாது” என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

ஆள் விட்டாரா? நகரசபைக்குப் போன் பண்ணினார். ஒரு அதிகாரி வந்து பார்த்து, சட்டப்படி ஒரு பிழையும் இல்லை என்றுவிட்டுப் போனான். அன்றைக்கே கடைக்குப் போய் இன்னும் பெரிய பல்பாக வாங்கி மாட்டினேன்.

என் கணவருக்கு எல்லாரோடும் சிநேகிதம். கிழவரோடும் கதைத்துவிட்டு வந்தார்.

“இஞ்சேரும், உந்த மனுசன் லேசுப்பட்ட ஆளில்லை. ஜப்பானில பகல் முழுக்கப் பள்ளிக்கூடத்தில படிப்பிச்சுப்போட்டு, இரவில வானத்தைப் படமெடுத்து, கனக்கச் சிறுகோள் கண்டுபிடிச்சவராம். ஒரே இடத்தை ரெண்டு தரம் படமெடுத்து, எந்தப் புள்ளி அசைஞ்சிருக்கெண்டு பாக்கிறதாம். மனுசி செத்தாப்பிறகுதான் மகளிட்ட வந்தவர். இப்பவும் தேடுறார். எங்கட லைற் வெளிச்சத்தில வானம் வடிவாத் தெரியேல்லையாம்.”

“தேடட்டும். ஒஷாவாவுக்கு அங்கால, ஊரில்லாத இருட்டுக்க போய் நிண்டு தேடட்டும். என்ர லைற்றில அவருக்கென்ன கண்?”

“உமக்கு வாய் கூடிப்போச்சு” என்றார் கணவர்.

குளிர் தொடங்கி, நேரத்தோடு இருட்டுகிற ஒரு பின்னேரம் கிழவர் முன்கதவைத் தட்டினார். கையில் ஒரு பெட்டி தோடம்பழம். நான் உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றபடியே ஆங்கிலத்தில் சொன்னார்:

“சிறுகோளைக் கண்டுபிடித்தவருக்கு அதற்குப் பெயர் சொல்லும் உரிமை உண்டு. என்னுடையதில் ஒன்று இன்னும் பெயரில்லாமல் இருக்கிறது. வானம் தெளிந்த நாட்களில் மட்டும் விளக்கை அணையுங்கள். நீங்கள் சொல்லும் பெயரை அதற்கு வைக்கச் சொல்லி வானியல் சங்கத்துக்கு எழுதி அனுப்புகிறேன்.”

லஞ்சம்! ஒரு கல்லைக் காட்டி என்னை வாங்கப் பார்க்கிறாரே என்று பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் என் வாய் என் சொல்லைக் கேட்கவில்லை. அண்ணாவின் பெயரைச் சொல்லிவிட்டது.

கிழவர் அதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். என் பிள்ளைகளை விடத் திருத்தமாகச் சொன்னார்.

“யார் இவர்?”

“என் அண்ணா.”

“சண்டையில் இருந்தவரா? போராலோ அரசியலாலோ அறியப்பட்டவர் என்றால், இறந்து நூறு வருடம் போக வேண்டும். பெயர் வைப்பதற்கு அப்படி ஒரு விதி.”

“பேக்கரியில் பாண் போட்டவர்.”

“நல்லது. அவரைப் பற்றி இரண்டு வரி எழுத வேண்டும். எப்போது இறந்தார்?”

எனக்கு விசர் ஏறியது.

“எப்ப செத்தவர் எண்டோ? கொண்டுபோனவங்களிட்டப் போய்க் கேளும்! என்ர அம்மா அவற்ற படத்தைப் பிடிச்சுக்கொண்டு கிளிநொச்சியில ரோட்டுக்கரைக் கொட்டிலுக்க, காணாமப் போன பிள்ளையளின்ர தாய்மாரோட இருக்கிறா. மரணச் சான்றிதழ் தாறமெண்டவங்களை நாய் மாதிரித் திரத்தினவ. நீர் என்னட்டத் திகதி கேக்கிறீரோ?”

பாதி ஆங்கிலம், பாதி தமிழ்; எது அவருக்கு விளங்கியதோ தெரியாது. தலையைக் குனிந்துகொண்டு ஏதோ சொல்ல வந்தார். தோடம்பழப் பெட்டியை அவர் நெஞ்சோடு தள்ளிக் கதவை அடித்துச் சாத்தினேன். பிறகு போய் விளக்கைப் போட்டேன்.

அந்த ஞாயிறு அம்மாவுக்குப் போன் எடுத்து ஒன்றும் விடாமல் சொன்னேன். அம்மாவும் சேர்ந்து கிழவரைத் திட்டுவா என்றுதான் நினைத்தேன்.

“கல்லும் வேண்டாம், பேரும் வேண்டாமெண்டு கலைச்சுப்போட்டன்” என்றேன்.

அம்மா திட்டவில்லை.

“ஏன் பிள்ளை வேண்டாமெண்டனி? உயிரோட இருக்கிற ஆக்களுக்கு வைக்க மாட்டினமாமோ?”

வைப்பார்கள். கிழவர் தன் மகளின் பெயரிலேயே ஒன்று வைத்திருக்கிறார் என்று கணவர் சொல்லியிருந்தார். அவள் தினமும் எங்கள் வாசலால்தான் பஸ்ஸுக்குப் போகிறாள்.

“அவன் சாகேல்லை எண்டு அந்த மனுசனுக்குச் சொன்னனியோ?” என்று அம்மா கேட்டா.

வாயில் வந்ததையெல்லாம் கத்தியிருந்தேன். அதை மட்டும் சொல்லவில்லை.

“சொன்னனான் அம்மா” என்றேன்.