மணலில் வைத்த பந்து

எங்கள் குடும்பத்தில் கோல்ஃப் விளையாடியவர்கள் மூன்று பேர்: வாப்பா, மாமா, நான். மூவருமே ஆயுளில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் விளையாடினோம். வாப்பா அடித்த பந்து ஆற்றில் விழுந்தது. மாமா அடித்ததில் பந்து அப்படியே இருந்தது, மண் பறந்தது. நான் செய்தது இதையெல்லாம்விடப் பெரிய காரியம்.

எண்பதுகளின் நடுவில் வாப்பாவுக்குத் தாராவியில் தோல் பட்டறை இருந்தது. பிளாஸ்டிக் சூட்கேஸ் வந்த பிறகு தோல்பெட்டியைச் சீந்துவாரில்லை. பட்டறையை மூடிவிட்டு ஊருக்கே போய்விடலாமா என்று வாப்பா உம்மாவிடம் கேட்பது காதில் விழும்போதெல்லாம் எனக்குப் பகீரென்றிருக்கும். அந்தச் சமயத்தில்தான் ஒரு கம்பெனி அதிகாரி, கோல்ஃப் மட்டைகளைப் போட்டுத் தோளில் மாட்டிக்கொள்ளும் பை வேண்டும் என்று வந்தார். வாப்பா மாதிரிக்கு ஒன்று தைத்தார். ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கே கொண்டுவரும்படி அதிகாரி சொன்னார். பை பிடித்துப்போனால் கம்பெனிக்கு வேண்டிய பைகள் அத்தனையும் எங்கள் பட்டறைக்கு.

சயானில் லோக்கல் ஏறி, தாணே தாண்டி, கல்யாண் தாண்டிப் போனோம். எனக்கு ஒன்பது வயது. ஆற்றை ஒட்டிக் கண்ணுக்கெட்டிய தூரம் புல். நடுநடுவே பெரிய மரங்கள். இவ்வளவு புல்லில் ஒரு ஆடுகூட இல்லையே என்று மாமாவுக்கு ஆறவே இல்லை.

அதிகாரி நல்ல மனிதர். பையை வாங்கித் தோளில் மாட்டிப் பார்த்துவிட்டு, முதலில் எங்கள் மூவர் கையிலும் மட்டையைக் கொடுத்து அடிக்கச் சொன்னார். பிறகு எங்களை எதிரிலிருந்த ஒரு மேட்டில் நிற்கவைத்துவிட்டுத் தன் ஆட்டத்தைத் தொடங்கினார். பந்து மேட்டைத் தாண்டி வந்து, அந்தப் பக்கம் நட்டிருந்த சிவப்புக் கொடிக்குப் பக்கத்தில் போய் நின்றது. மேடு மறைத்ததால் அவருக்கு அது தெரியவில்லை. நாங்கள் பார்த்தோம்.

எங்கள் சந்தில் ஒரு சட்டம் உண்டு. விளையாடுகிறவர்களின் பந்து உன் பக்கம் வந்தால் உடனே எடுத்துக் கொடுத்துவிட வேண்டும், கொடுக்காதவர்கள் கெட்டவர்கள். நான் பாய்ந்தோடிப் பந்தை எடுத்துக்கொண்டு போய், "இந்தாங்க சாப்" என்று நீட்டினேன்.

அதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு சிரித்துவிட்டு, "பேட்டி, கிதர் தா?" என்றார். மகளே, எங்கே இருந்தது என்று அர்த்தம். எங்கே கிடந்ததோ அங்கேயே திரும்ப வைக்க வேண்டுமாம்.

மாமா என்னோடு ஓடி வந்து காதில் கிசுகிசுத்தார். "ஏளா, நல்ல எடமாப் பாத்து வையி. நம்ம பொழப்பே அதுலதான் இருக்கு."

நல்ல இடம் எது? சிவப்புக் கொடி என்றால் ஆபத்து; ரயில் தண்டவாளத்தில் பார்த்திருக்கிறேன். எங்கும் புல்லாக இருந்த அந்த மைதானத்தில் ஓரிடத்தில் மட்டும் வெள்ளை மணலைக் கொட்டி, கோடு கோடாக வாரி அழகாக வைத்திருந்தார்கள். இவ்வளவு சிரத்தை எடுத்திருக்கிறார்கள் என்றால் அதுதான் விசேஷமான இடம். பந்தை மணலின் நட்டநடுவில் வைத்தேன். நிமிர்ந்து பார்த்தேன். மேட்டின்மேல் நின்ற வாப்பா வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார்.

அதிகாரி வந்து பார்த்துப் பெருமூச்சு விட்டார். நான்கு தடவை அடித்தார். மணல் அவர் தலைமுடிவரை பறந்தது. மாமா கைதட்டினார். கடைசியில் பந்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, என் தலையைத் தடவி, வாப்பாவிடம் இந்தியில் சொன்னார்: "நான் பார்க்கவில்லை. இவள் எங்கே வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். கிடந்த இடத்திலேயே வைத்தாள். இப்படிப் பிள்ளை வளர்த்தவர் தையலில் ஏமாற்ற மாட்டார். ஆர்டர் உங்களுக்குத்தான்."

எங்களைக் கேன்டீனில் சாப்பிடச் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். திரும்பும் வழியெல்லாம் மாமா வாய் ஓயவில்லை. வாப்பா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

அதன்பிறகு ஒரு தையல் போதுமான இடத்தில் வாப்பா இரண்டு தையல் போட்டார். நூல் வீண், நேரம் வீண் என்று பட்டறையில் முணுமுணுத்தார்கள். அவர் கேட்கவில்லை. பைகள் பல வருஷம் உழைத்தன, ஆர்டர் மேல் ஆர்டர் வந்தது, பட்டறையும் நாங்களும் தாராவியிலேயே இருந்தோம்.

எனக்குக் கல்யாணமாகி முலுண்டில் இருந்தபோது, ஒருநாள் டிவியில் கோல்ஃப் ஓடியது. ஒருவர் பந்து மணலில் விழ, அவர் தலையில் அடித்துக்கொண்டார். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உடனே வாப்பாவுக்குப் போன் போட்டேன்.

"வாப்பா, அன்னைக்கு நான் பந்த வச்சனே மணலு, அந்த ஆட்டத்துலயே மோசமான எடம் அதுதானாம்!"

வாப்பா திருப்பிக் கேட்டார்.

"நெசமாவாளா? நீ அவருக்குச் சாதகமா வச்சிட்டேன்னுல்லா நெனச்சேன். அந்த மனுசன் நம்மள நேர்மைன்னு சொல்லச் சொல்ல எனக்குக் கூசிப்போச்சு. உண்மையச் சொன்னா ஆர்டர் போயிருமேன்னு வாய மூடிக்கிட்டேன். அந்தக் குத்தத்துக்குத்தான் ஒவ்வொரு பைக்கும் ரெண்டு தையலு போட்டேன்."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த இரண்டாவது தையல் வலுவுக்காக என்று பள்ளிக்கூடம் முழுக்க நான் பெருமை அடித்துத் திரிந்திருக்கிறேன்.