சாயங்காலம் விட்டுவிடும் கைது

எங்கள் பக்கம் கைது இரண்டு விதம். ஒன்று, விலங்கு மாட்டி ஜெயிலுக்குக் கொண்டுபோவது. இன்னொன்று, வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்து, மத்தியானம் சாம்பார் சாதம் கொடுத்து, சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பி வைப்பது. இந்த இரண்டாவது கைதுதான் என் பிழைப்பில் அடிக்கடி வந்துபோகும். அரியலூரில் எங்களுக்கு ஒரு மண்டபம் இருக்கிறது. கணவர் போன பிறகு நான்தான் அதைப் பார்த்துக்கொள்கிறேன். முகூர்த்தம் இல்லாத நாளில் போலீசிலிருந்து போன் வந்தால், வரப்போவது மாப்பிள்ளை வீட்டார் இல்லை என்று புரிந்துகொண்டு தண்ணீர்த் தொட்டியை நிரப்பச் சொல்லிவிடுவேன்.

உண்மையைச் சொன்னால், மறியல்காரர்கள் கல்யாணக் கூட்டத்தைவிட எவ்வளவோ தேவலாம். ரசத்தில் உப்பில்லை என்று சம்பந்தி சண்டைக்கு வருவதில்லை. ஏசி ஓடவில்லை என்று யாரும் மூஞ்சியைத் தூக்குவதில்லை. அவர்களுக்கு ஒரே கவலை, எண்ணிக்கை. மறுநாள் பேப்பரில் இத்தனை பேர் கைதாகி மாலையில் விடுவிக்கப்பட்டார்கள் என்று வருமே, அந்த இத்தனை பேர்தான் கட்சியின் பலம். ஆள் குறைந்தால் மேலிடத்தில் பதில் சொல்ல வேண்டும். அதனால் பஸ் ஸ்டாண்டில் ஜெயங்கொண்டம் பஸ்ஸுக்குக் காத்திருப்பவரைக்கூட, "வாங்கண்ணே, சாப்பாடு உண்டு, சாயங்காலம் வூட்டுக்குப் போயிடலாம்" என்று வேனில் ஏற்றிவிடுவார்கள். எங்கள் வாட்ச்மேன் இப்படிக் கேட்டில் நின்றபடியே கைதாகியிருக்கிறார்.

நான் சொல்ல வந்தது புரட்டாசி மாதத்தில் நடந்தது. ஆண்டிமடம் பக்கம் ஒரு கிராமத்தில், காலனியைச் சேர்ந்த ஒரு கொத்தனார் வேலை முடிந்து வீடு திரும்பும்போது ஊர்த் தெரு டீக்கடை முன்னால் பைக்கை நிறுத்தி, இறங்காமல் உட்கார்ந்தபடியே ஒரு டீ கேட்டிருக்கிறார். அது சிலருக்குப் பொறுக்கவில்லை. சாதியைச் சொல்லித் திட்டி, முந்திரிக் கட்டையால் அவருடைய வலது கையை உடைத்துவிட்டார்கள். சாந்துக் கரண்டி பிடிக்கிற கை. வன்கொடுமைச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. அடித்தவர்கள் தலைமறைவு என்று போலீஸ் சொன்னது.

அவர்களை உடனே பிடிக்க வேண்டும் என்று ஒரு கட்சி மறியல் அறிவித்தது. இது பொய் வழக்கு, வாபஸ் வாங்க வேண்டும் என்று இன்னொரு கட்சி அதே நாளில், அதே பஸ் ஸ்டாண்டு வாசலில் மறியல் அறிவித்தது. இந்த இரண்டாவது கட்சிக்கு உடையார்பாளையம் பக்கத்திலிருந்து ஆள் திரட்டி வந்தவன் என் கூடப்பிறந்த தம்பி. நான் இடுப்பில் தூக்கிச் சுமந்தவன். வழக்கு பொய் என்று அவன் மனதார நம்பினான். நான் நம்பவில்லை. அதற்காக அவனை வெறுக்கவும் எனக்குத் தெரியவில்லை.

கைதானவர்களை வைக்க இன்னொரு மண்டபத்தையும் கேட்டிருக்கிறார்கள். அதன் ஓனர் விவரமானவர். பூட்டிவிட்டுப் பெரம்பலூரில் மகள் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டார். ஆக, இரண்டு கூட்டமும் என் தலையில் வந்து விடிந்தது. கொத்தனாருக்காக வந்தவர்களை மாடியில் கல்யாண ஹாலில் உட்கார வைத்தார்கள். தம்பியின் ஆட்களைக் கீழே சாப்பாட்டுக் கூடத்தில். நடுவில் மாடிப்படி. படியில் போலீஸ். பெண் இன்ஸ்பெக்டர் ஒருவர் பொறுப்பு. சிரிக்கவே தெரியாத முகம், ஆனால் நியாயமானவர்.

கொத்தனாரின் மனைவியும் மாடிக் கூட்டத்தில் இருந்தாள். மறியலில் அவளை முன்வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். கட்டுப்போட்ட கையோடு புருஷன் படுத்திருக்கிற படம் போட்ட பதாகையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, மணமேடைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவர் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இருந்தார். நான் டீ கொண்டுபோய்க் கொடுத்தபோது, "அக்கா, இத்தன பேரப் புடிச்சாங்களே, அவனுங்கள மட்டும் ஏன் புடிக்க மாட்றாங்க?" என்று கேட்டாள். இன்னொரு டம்ளர் டீ ஊற்றினேன்.

அதற்குள் படியில் எண்ணிக்கைச் சண்டை ஆரம்பித்திருந்தது. மாடியில் தலைமை தாங்கியவர் ஓய்வுபெற்ற வாத்தியார். "எங்காளுங்கதான் அதிகம். பொம்பளைங்கள கணக்குல சேக்காம விட்டுட்டாங்க" என்று இறங்கி வந்தார். தம்பி விடுவானா? "உங்களுது பாதி பேர் வேடிக்க பாக்க வந்தவங்க சார்" என்றான். என்னிடம் ஓடிவந்து, "அக்கா, சமையல்காரரக் கொஞ்சம் உள்ள ஒக்காரச் சொல்லேன். ஒரு தல கூடுமில்ல?" என்றான். "நானும் வந்து ஒக்காரட்டுமாடா?" என்றேன். ஒரு நிமிஷம் யோசித்தான், பாவி.

மத்தியானம் டிவியில் செய்தி வந்தது. தம்பி பக்கம்தான் கைது அதிகம் என்று சொன்னார்கள். கீழே கைதட்டல். அந்த சந்தோஷம் அரை மணிகூட நிற்கவில்லை. அடுத்து வந்த விவாதத்தில் ஒருவர், கைது அதிகமாக இருக்கும் பக்கம்தானே கலவரம் செய்திருக்கிறது என்று ஒரு போடு போட்டார். வெறுப்பைப் பரப்புவது யார் என்று போலீஸ் கணக்கே சொல்லிவிட்டதே என்றார். இன்னொருவர், வன்கொடுமை வழக்குகளில் எத்தனை பொய் தெரியுமா என்று எதிர்க் கணக்கை எடுத்தார். எத்தனை நிஜம் வெளியே வராமலே போகிறது தெரியுமா என்று மூன்றாமவர் கத்தினார். ஆளுக்கொரு எண்ணிக்கை. தம்பியின் முகம் விளக்கெண்ணெய் குடித்த மாதிரி ஆகிவிட்டது.

நேரே இன்ஸ்பெக்டரிடம் போனான். "மேடம், எங்க கணக்க கொஞ்சம் கொறச்சுச் சொல்லுங்க." இதைக் கேட்டுவிட்டு வாத்தியாரும் இறங்கி வந்தார். "அவங்களக் கொறச்சா எங்களுது ஜாஸ்தியாயிடும். எங்களதையும் கொறைக்கணும்."

"காலைல கூட்டச் சொன்னீங்க. இப்ப கொறைக்கச் சொல்றீங்க. கத்திரிக்கா வியாபாரமா சார் நடக்குது இங்க?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனேன்.

அந்தச் சிரிப்போடுதான் பின்பக்கம் போனேன். கை கழுவும் குழாய்கள் இரண்டு கூட்டத்துக்கும் பொது. அங்கே கொத்தனாரின் மனைவி சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. கையில் பாதி கழுவிய டிபன் பாக்ஸ். என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, கட்டையால அடிச்சவன் இங்கதான் இருக்கான். நீலச் சட்ட போட்டுக்கிட்டு. இப்பதான் எம்பக்கத்துல கை கழுவிட்டுப் போனான்."

"உன்னப் பாத்தானா?"

"பாத்தான். சிரிச்சிட்டுப் போறான்."

நான் சாப்பாட்டுக் கூடத்தை எட்டிப் பார்த்தேன். நீலச் சட்டைக்காரன் ஒருவன் மூலையில் உட்கார்ந்து போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். சாதாரண ஆள். என் மண்டபத்தில் ஏதோ ஒரு கல்யாணத்தில் பந்தி பரிமாறியிருந்தால்கூட நான் கவனித்திருக்க மாட்டேன். போலீஸ் தேடுகிற ஆள் போலீஸ் காவலிலேயே, போலீஸ் வாங்கிக் கொடுத்த சாம்பார் சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான். ஆள் எண்ணிக்கைக்காக வேனில் ஏற்றியவர்களும் முகம் பார்க்கவில்லை, எண்ணிக்கைக்காகத் தலை எண்ணியவர்களும் முகம் பார்க்கவில்லை. மாலையில் எல்லோரோடும் சேர்த்து அவனையும் விட்டுவிடுவார்கள்.

இன்ஸ்பெக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். யாருக்கோ போன் பேசினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவன்தான். ஆனா இப்ப உள்ள போய் கை வச்சா இத்தன பேரும் எந்திரிச்சிருவாங்க. மேல இருக்கவங்களும் எறங்கிடுவாங்க. ரெண்டு கூட்டத்துக்கும் நடுவுல எங்ககிட்ட இருக்கறது இவ்ளோ பேர்தான். வெளிய வரும்போது எடுத்துக்கறோம்மா" என்றார்.

வெளியே வரும்போது என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். இத்தனை மறியல் பார்த்தவள் நான். கேட் திறந்ததும் மொத்தக் கூட்டமும் கோஷம் போட்டபடி முட்டிமோதி வேனுக்கு ஓடும். அந்த நெரிசலில் எந்த நீலச் சட்டையை யார் பிடிப்பது? அவரும் அதைத் தெரிந்துதான் சொன்னார். அவர் கண்ணில் அது தெரிந்தது.

தம்பியை ஸ்டோர் ரூமுக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். விஷயத்தைச் சொன்னேன்.

"சும்மா சொல்லுவாங்கக்கா. அந்தக் கேசே பொய்."

"பொய்யின்னா அவன் ஏன்டா தலைமறைவா இருந்தான்? நீ கூட்டிட்டு வந்தவன்தானே?"

"நா எங்க பாத்தேன்? வேன் நெறையணும்னு வழியில ஏத்துனோம்." கொஞ்ச நேரம் அரிசி மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அதுக்காக நா காட்டிக் குடுக்கணுமா? கூட்டிட்டு வந்த ஆளக் கொண்டுபோயி வூட்ல விடலன்னா நாளைக்கு எவன்க்கா என் வண்டியில ஏறுவான்? ஊருக்குள்ள நா தல காட்ட முடியுமா?"

அது வெறும் சாக்கு இல்லை. எங்கள் பக்கம் அது ஒரு கட்டுப்பாடு. ஆள் கூட்டிப் போகிறவன், போனவனை வாசலில் இறக்கிவிட்டு அவன் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். எங்கள் அப்பா அப்படித்தான் செய்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, ஆனாலும் அவனை நினைத்துப் பாவமாகவும் இருந்தது. "அந்தப் பொண்ணு கேட் கிட்ட ஒக்காந்திருப்பா. நீ அவளத் தாண்டித்தான் போவணும். அவ்வளவுதான் நா சொல்லுவேன்" என்றேன். கதவைத் திறந்துவிட்டேன்.

மாடிக் கூட்டத்தை முதலில் விட்டார்கள். வாத்தியார் அவளை வண்டிக்குக் கூப்பிட்டார். அவள் போகவில்லை. மறிக்கவும் இல்லை, கத்தவும் இல்லை. கல்யாணத்தன்று பன்னீர்ச் சொம்பு வைக்கிற மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். மடியில் அதே பதாகை. நான் அவளுக்குப் பக்கத்தில் நின்றேன்.

பிறகு தம்பியின் ஆட்கள் வந்தார்கள். நான் நினைத்த மாதிரியே முட்டிமோதித்தான் வந்தார்கள். ஆனால் அவளைத் தாண்டும்போது கோஷம் தானாகக் குறைந்தது. சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். வயதான ஒருவர், "கை எப்படிம்மா இருக்கு அவனுக்கு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனார். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். நீலச் சட்டை வரவில்லை. தம்பி கொண்டுவந்திருந்த வேன்கள் நிறைந்து ஹாரன் அடித்தன.

ஓர் ஆள் குறைவது தம்பிக்குத் தெரிந்துவிட்டது. இறங்கி, எங்களைப் பார்க்காமலே உள்ளே போனான். தோளில் கைபோட்டு, பத்துப் பேர் சூழ அவனைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவான் என்றுதான் நினைத்தேன். அவள் எழுந்து நின்றாள்.

தம்பி தனியாக வந்தான். கண் கலங்கியிருந்தது. அவளுக்கு எதிரில் வந்தபோது ஒரு கணம் நின்றான். வேனின் முன் சீட்டில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினான்.

"எல்லாரும் வந்தாச்சா?" என்று டிரைவர் கேட்டார்.

"வந்தாச்சு. வண்டிய எடு."

வேன்கள் தெருமுனை திரும்பியதும் இன்ஸ்பெக்டர் உள்ளே போனார். வெளியே வராமல் மணமகள் அறையில் பதுங்கியிருந்த நீலச் சட்டைக்காரனைக் கூட்டி வந்தார்கள். இந்த முறை கூட்டமும் இல்லை, கோஷமும் இல்லை. அவள் நாற்காலியை எடுத்த இடத்தில் கொண்டுபோய்ப் போட்டாள்.

தம்பியும் நானும் இன்றுவரை அதைப் பற்றிப் பேசியதில்லை. ஊரில் சில வீடுகளில் அவனுக்கு இப்போது தண்ணீர்கூடக் கொடுப்பதில்லை என்று தம்பி பெண்டாட்டி சொன்னாள். தீபாவளிக்கு வந்தபோது, எங்கள் பக்கம்தான் கைது அதிகம் என்று என் மருமகனிடம் சண்டை போட்டான். நான் அவனுக்கு இன்னொரு வடை வைத்தேன்.

மறியலுக்கு மறுநாள் காலையில் அவள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள்.

"அக்கா, இங்க ஒருத்தரு பேப்பர் படிச்சாரு. கைதான எல்லாரையும் சாயங்காலம் விட்டுட்டாங்கன்னு போட்ருக்காமே. எல்லாரையும்னா அவனையுமாக்கா?"

"இல்லம்மா. அவன விடல. பேப்பர்ல போட்டது மண்டபத்துக் கைது."

பிறகு அவள் போனை வாயிலிருந்து எடுக்காமலே புருஷனிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"விடலயாம். நீ தூங்கு."