கொச்சியில் மேலே எந்தப் பக்கம்?

பீர்மேட்டு மலையில் எங்கள் தேயிலை எஸ்டேட்டில் வழி சொல்வதென்றால் மேலே, கீழே என்றுதான் சொல்லுவோம். நாங்கள் குடியிருக்கும் லயம் கீழே, ஃபாக்டரி மேலே, கடை அதற்கும் மேலே. இடது, வலது என்று யாராவது சொன்னால் பீர்மேட்டுக்குச் சுற்றிப் பார்க்க வந்த ஆள் என்று தெரிந்துவிடும். இந்தப் பழக்கத்தால்தான், பிள்ளைகளா, கொச்சியில் என் வீட்டுக்காரியையும் மகளையும் தொலைக்கப் பார்த்தேன்.

மகளுக்கு ஒண்ணாம் வகுப்பு லீவு. கடல் பார்க்கணும் என்று ஒரே அடம். கொச்சி, தண்ணீர் துண்டு துண்டாக வெட்டிப்போட்ட ஊர். நாம் பஸ் ஏறுகிற மாதிரி அங்கே போட்டில் ஏறித்தான் பழைய கோட்டைப் பக்கம் போகிறார்கள். போட் ஏறுகிற ஜெட்டியில் பெண்களுக்குத் தனி வரிசை. வீட்டுக்காரியும் மகளும் ஏறிவிட்டார்கள். ஆள் நிறைந்துவிட்டது என்று எனக்கு முன்னால் கயிறு போட்டுவிட்டார்கள்.

"இறங்கி மேல போய் நில்லுங்க, அடுத்த போட்டுல வாரேன்!" என்று கத்தினேன். அவளும் தலையாட்டினாள். போட் நகர்ந்த பிறகுதான், அவளுடைய போனும் என் பையில் கிடப்பது ஞாபகம் வந்தது.

அக்கரையில் இறங்கினால் அவர்களைக் காணோம். மேலே போய்ப் பார்க்கலாம் என்றால், மேலே என்று ஒன்று இல்லவே இல்லை. ஊரே தோசைக்கல் மாதிரி கிடக்கிறது. டீக்கடைச் சேச்சியிடம் மேலே எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

"இவிடெ ஏது மேலே, சேட்டா?" இங்கே ஏது மேலே என்று மலையாளத்தில் கேட்டுச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பழைய சர்ச் வரைக்கும் ஓடினேன். பெரிய வலைகள் தொங்குகிற கரை வரைக்கும் ஓடினேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர். நீச்சல் தெரியாத பிள்ளை.

வேறு வழி தெரியாமல் ஜெட்டிக்கே திரும்பினேன். டிக்கெட் கொடுக்கிற இடத்துக்குப் பின்னால், மரத்தடியில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் காலி பாட்டில்.

"எங்கிட்டுங்க இருக்கு நீங்க சொன்ன மேல?" என்றாள் அவள். குரலில்தான் சண்டை, கண் கலங்கியிருந்தது.

மகள்தான் விவரம் சொன்னாள். மேடு எந்தப் பக்கம் என்று பார்க்க, இவளே பாட்டில் தண்ணீரை ரோட்டில் ஊற்றினாளாம். எங்கள் லயத்து வாசலில் ஊற்றினால் நிற்காமல் கீழே ஓடிவிடும்.

"இங்க தண்ணியே எங்கயும் போகாம நிக்குதுப்பா. அப்ப நாங்க மட்டும் எங்க போறது?"

மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டேன். கடற்கரை வரைக்கும் இறங்கவே மாட்டேன் என்றுவிட்டாள். கடலில் வந்த கப்பலை முதலில் பார்த்ததும், மேலே இருந்த அவள்தான்.