நெறஞ்சிருக்குன்னு சொன்னா தங்கச்சி

வந்த சொந்தக்காரங்களுக்கும், கோட்டர்ஸ்காரங்களுக்கும், இந்தப் பொஸ்தகத்தக் கையில வாங்கின எல்லாருக்கும் கும்புடறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் பேசறேன், தங்கச்சி மவ எழுதறா. "பெரிம்மா, அம்மாவப் பத்தி நாலு வார்த்த சொல்லுங்க"ன்னா. நாலு வார்த்தையில நான் என்னிக்கு நிறுத்தினேன்? அவளப் பத்திப் பேச ஆரம்பிச்சா எனக்கு மொதல்ல வர்றது சிரிப்புதான். வருசாந்தரத்துக்குக் குடுக்கற பொஸ்தகத்துல சிரிக்கறாளேன்னு நெனச்சுக்காதீங்க. சிரிச்சு முடிச்சதும் நெஞ்சுல வந்து குந்திக்கற ஒண்ணு இருக்குது. அவ கடைசியா எங்கிட்ட சொன்ன ஒரு சொல்ல நான் தப்பா எடுத்துக்கிட்டேன். அதையும் சொல்லத்தான் போறேன். ஆனா அது புரியணும்னா பொறந்ததுலருந்து வரணும்.

நாங்க பொறந்தது நாகரசம்பட்டிக்கு அந்தாண்ட சின்ன ஊரு. எங்கப்பனுக்கு மானாவாரிக் காடு, ரெண்டு மாமரம், நாங்க ரெண்டு பொட்டப் புள்ளைங்க. நான் ஆடு மேய்க்கப் போனேன், அவ பள்ளிக்கூடம் போனா. எங்களுக்கு ஆத்தா சொல்லிக்குடுத்த பேச்சு ஒண்ணு இருக்குது. வூட்டுல அரிசியோ உப்போ கேவுரோ, அதான் கேழ்வரகோ, தீந்துபோனா, தீந்துபோச்சுன்னு சொல்லக்கூடாது. இல்லன்னு சொல்லக்கூடாது. அந்த வார்த்தையச் சொன்னா அதுவே வூட்டுல தங்கிக்கும்னு பயம். அதனால நெறஞ்சிருக்குன்னு சொல்லணும். "ஏண்டி, உப்பு நெறஞ்சிருக்கு"ன்னு ஆத்தா கத்தினா, கடைக்கு ஓடணும்னு அர்த்தம். களத்துலயும் அப்படித்தான். கேவுரு அளக்கறப்ப மொத வள்ளத்த ஒண்ணுன்னு எண்ண மாட்டோம், லாபம்னு சொல்லித்தான் கொட்டுவோம்.

என்னை உள்ளூர் மாந்தோப்புக்காரங்க வூட்டுல குடுத்தாங்க. அவள ஓசூர்ல குடுத்தாங்க. மாப்ள வூட்டு நெலத்தையெல்லாம் கம்பெனி வர்றதுக்கு எடுத்துக்கிட்டாங்க, அதுக்கு பதிலா மாப்ளைக்கு உள்ள வேல. எழுவதுகள்ல அந்தப் பக்கம் எங்க பாத்தாலும் காம்பவுண்டு சொவுரு எழும்பினு இருந்துச்சு. ராயக்கோட்ட ரோட்டு ஓரமா அர ஏக்கர் மட்டும் ரெண்டு சொவுத்துக்கு நடுவுல மாட்டிக்கிட்டு நின்னுச்சு. கம்பெனிக்காரங்களுக்கு அது கோணலா இருக்குன்னு வேணாம்னுட்டாங்களாம். அந்தக் கோணலத்தான் தங்கச்சி புடிச்சுக்கிட்டா.

கம்பெனி குடுத்த கோட்டர்ஸுல அவளுக்கு ஒரு பக்கம் மெட்ராஸ்காரம்மா, இன்னொரு பக்கம் பெங்களூர்க்காரம்மா. ஒருத்தி தமிழு, ஒருத்தி கன்னடம், பின்னாடி லைன்ல தெலுங்கு. எல்லாரும் சண்ட போட்டா மட்டும் ஒரே பாஷ. மெட்ராஸ்காரம்மா பாவம், அதுக்குக் கேவுருன்னா மாவா பாக்கெட்டுல வர்றதுதான் தெரியும். ஒரு நாளு தங்கச்சி அதுகிட்ட, "கடைக்குப் போறியே, எங்கூட்டுல எண்ணெ நெறஞ்சிருக்கு, பாத்துக்க"ன்னு சொல்லியிருக்கா. அது சந்தோசமா தலையாட்டிட்டு, வெறுங்கையோட வந்திருக்குது.

"எண்ணெ எங்கம்மா?"

"நீங்கதான நெறஞ்சிருக்குன்னீங்க? நான் ஒங்க வூட்டுல ஒரு கரண்டி கடன் கேக்கலாம்னு வந்தேன்."

இத எங்கிட்ட சொல்லிச் சொல்லி சிரிப்பா. அப்பறம் சொன்னா, "யக்கா, இனிமே வூட்டுல டவுன் பேச்சுத்தான். இருந்தா இருக்கு, இல்லன்னா இல்ல. நம்ம பேச்சு களத்தோட நிக்கட்டும்." நானும், "டவுன்காரி ஆயிட்டடி, இனிமே ஒன் பேச்ச நேராத்தான் எடுத்துக்கணும்"னு கேலி பண்ணினேன். அந்தக் கேலிய நான் மறக்கல. மறந்திருந்தா நல்லாருந்திருக்கும்.

அந்த எண்ணெ விசயத்துலருந்துதான் எல்லாம் ஆரம்பிச்சுச்சு. சோறு எங்கருந்து வருதுன்னு தெரியாம இதுங்க தின்னுட்டு இருக்குதேன்னு, ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம அவங்கள அந்த அர ஏக்கருக்குக் கூட்டிட்டுப் போனா. ஒரு குடும்பத்துக்கு ஒரு சாலு, நீளமா ஒரு வரிச. வெதைக்கறது, களையெடுக்கறது, காக்கா ஓட்டறது எல்லாம் அவங்கவங்க பாடு. மதியத்துக்குக் காட்டுல வெளஞ்சததான் அங்கயே தின்னணும், வூட்டுலருந்து உப்பும் மொளகாயும் மட்டும் கொண்டாரலாம். யாரு சாலு பொய்ச்சுப்போச்சோ அவங்களுக்கு மத்தவங்க பங்கு குடுக்கணும். இதுதான் அவ சட்டம். கம்பெனி சங்கு ஊதினா வேல, சங்கு ஊதினா சாப்பாடு. வாரம் பூரா புருசனுங்களுக்கு ஊதற சங்கு, அன்னிக்கு எங்களுக்கு ஊதுதுன்னு பெங்களூர்க்காரம்மா சொல்லும்.

மொத வருசம் களையெடுக்கறப்ப நானும் போயிருந்தேன். கேவுரு நாத்தும் பக்கத்துல மொளைக்கற புல்லும் சின்னதுல அண்ணந் தம்பி மாதிரியே இருக்கும். மெட்ராஸ்காரம்மா பொடவைய இழுத்துச் சொருவிக்கிட்டு, ஒரே மூச்சுல ஒரு சால முடிச்சுட்டு நிமுந்துச்சு. பாத்தா கேவுரு பூரா வரப்புல கெடக்குது, புல்லு ஜம்முனு நிக்குது. எனக்குச் சிரிப்பு தாங்கல, வரப்புலயே குந்திட்டேன். தங்கச்சி சிரிக்கல. "நல்லாத்தான் புடுங்கியிருக்க, வேரு அறாம. வா, திரும்ப நடலாம்"னு தண்ணி ஊத்தி அது கையாலயே அத்தனையும் நடவெச்சா. ஈரம் காயறதுக்குள்ள நட்டா கேவுரு பொழச்சுக்கும். அந்த வருசம் நல்லா தூரு கட்டினது அந்தச் சாலுதான். மெட்ராஸ்காரம்மா அதுலருந்து நடைய மாத்திக்கிச்சு, கோட்டர்ஸுல வெவசாயி மாதிரி கைய பின்னாடி கட்டிக்கிட்டு நடக்கும்.

அந்த மார்கழியில களம். மொதல்ல தங்கச்சி லாபம்னு சொல்லிக் கொட்டினா. கொஞ்ச நேரம் போயி கேவுருக் குமி தாழ்ந்து வரவும், பெங்களூர்க்காரம்மா அந்தக் கோடியிலருந்து தீந்துபோச்சான்னு கன்னடத்துல கூவுது, "காலி ஆயிதா அக்கா?" தங்கச்சி ஓடிப்போயி அது வாயப் பொத்தினா. எல்லாரும் பயந்துட்டாங்க, என்னமோ பாம்பு வந்துடுச்சுன்னு. அப்பறம் களத்துல எல்லாரையும் குந்தவெச்சு அந்தச் சொல்ல சொல்லிக்குடுத்தா. வெளையவெக்கறதுக்கு எத்தன மாசம், மழ எத்தன வாட்டி ஏமாத்துது, இவ்ளோ பாடுபட்டது கண்ணு முன்னாடி கொறையறப்ப அத வாயால சொல்ல மனசு வராது, அதனால நெறஞ்சிருக்குன்னு சொல்றோம், வேற ஒண்ணும் மந்திரம் இல்லன்னா. மூணு பாஷக்காரிங்களும் அதத் திருப்பிச் சொன்னாங்க. அது எனக்குக் கொள்ளச் சந்தோசம். இப்பவும் நெனச்சா சந்தோசந்தான், அதான் எனக்கு வெக்கமா இருக்குது.

இப்படியே வருசம் ஓடிப்போச்சு. அவ மவள பெங்களூர்ல கட்டிக்குடுத்தா. நான் பேரன் பேத்தி எடுத்தேன். அவளுக்கு மூச்சு எறைக்க ஆரம்பிச்சுது. ஆஸ்பத்திரியில மாத்திர குடுத்து, வூட்டுல இருன்னுட்டாங்க. கடைசியில அவ ஒடம்பு கேவுருக் கஞ்சியத் தவுர வேற ஒண்ணையும் ஏத்துக்கல. அதுலயும் ஊர்ல எங்கப்பன் காட்டுக் கேவுருதான் கேப்பா. நான் வாட்டிக்கு ஒரு மூட்ட எடுத்துனு பஸ் ஏறுவேன். போனா ரெண்டு நாளு அவகூட இருந்துட்டு வருவேன்.

போன வருசம் ஆனி மாசம். தோப்புல மாங்கா அறுப்பு, லாரி வந்து நிக்குது, ஆளு பத்தல. கடைக்கு அவகிட்டயிருந்து போனு வந்திருக்குன்னு கூப்புட்டாங்க. ஓடினேன்.

"எப்படிடி இருக்க?"

"இருக்கேங்க்கா. மாங்கா எப்படி?"

"கொத்துக் கொத்தா கெடக்குது. கேவுரு இருக்குதாடி, எடுத்துனு வரட்டுமா?"

மூச்சு வாங்கறது கேட்டுச்சு.

"நெறஞ்சிருக்குக்கா."

நான் சிரிச்சேன். டவுன்காரி, வூட்டுல டவுன் பேச்சுத்தான்னு சொன்னவ. சரி நெறயா இருக்குது போல, அறுப்பு முடிஞ்சு மாம்பழத்தோட போலாம்னு வெச்சிட்டேன். எடுத்துக்க ரெண்டு அர்த்தம் இருந்துச்சு. எனக்குத் தோதான அர்த்தத்த எடுத்துக்கிட்டேன். லாரி ஏத்தி முடிக்கறதுக்குள்ள மாப்ள ஆள அனுப்பிட்டாரு.

சாவுக்குப் போனப்ப மெட்ராஸ்காரம்மா என் கையப் புடிச்சுக்கிட்டு அழுவுது. "அக்கா வரேன்னாங்களா, வராங்களான்னு உங்க தங்கச்சி வாசலையே பாத்துட்டு இருந்தாங்க. நான் மைசூரு பக்கத்து கேவுரு வாங்கி காச்சிக் குடுத்தேன். ஒரு வாய்க்கு மேல எறங்கல"ன்னுச்சு.

"நெறஞ்சிருக்குன்னு சொன்னாளேம்மா"ன்னேன்.

அது என்னைய ஒரு மாதிரி பாத்துச்சு. "நெறஞ்சிருக்குன்னா தீந்துபோச்சுன்னு தானக்கா? நாங்க எல்லாம் கோட்டர்ஸுல இப்ப அப்படித்தான பேசிக்கறோம். அவங்கதான சொல்லிக்குடுத்தாங்க."

பாக்கெட்டு மாவுக்காரிக்குப் புரிஞ்சுது. அந்தச் சொல்லுலயே பொறந்து வளந்த எனக்குப் புரியல.

இந்த எடத்துல எழுதறவ பேனாவக் கீழ வெச்சுட்டா. எழுது கண்ணு, பெரிம்மா மேல கோவமான்னேன். கோவம் இல்லன்னா. அப்பறந்தான் சொன்னா, "எங்கிட்டயும் போன்ல அதேதான் சொன்னாங்க பெரிம்மா. எனக்குப் புரிஞ்சுது. பெரிம்மா எடுத்துட்டுப் போவாங்கன்னு நெனச்சு நான் சும்மா இருந்துட்டேன்." இத அடிச்சுடட்டுமான்னு கேட்டா. வேணாம், ரெண்டு பேருதும் இருக்கட்டும்னு சொன்னேன்.

அவ மூச்சுக்குத் தவிச்சப்ப ராத்திரி பகலா முதுகு நீவிவிட்ட பெங்களூர்க்காரம்மாவுக்கும், அள்ளிப் போட்டுப் பாத்துக்கிட்ட மெட்ராஸ்காரம்மாவுக்கும், கட்டிலத் தூக்கின கம்பெனி ஆளுங்களுக்கும், கருமாதிக்கு வந்த பங்காளிங்களுக்கும், ஒரு சொல்லு சுடு சொல்லு சொல்லாம என்னைய வாசல்ல உக்காரவெச்சு காப்பி குடுத்த மாப்ளைக்கும் நான் கும்புடறேன். அந்த அர ஏக்கர போன மார்கழியிலயும் அவங்களே அறுத்தாங்க. மொத வள்ளம் நீங்க கொட்டுங்கக்கான்னு என் கையில குடுத்தாங்க. லாபம்னு சொன்னேன்.

சொந்தக்காரங்களுக்கு ஒரு விண்ணப்பம். களத்துல நம்ம பேச்சு இருந்துட்டுப் போவட்டும். ஆனா உங்க வூட்டுல அரிசியோ மருந்தோ ஒடம்புல தெம்போ இல்லாமப் போனா, எங்கிட்ட மட்டும் நெறஞ்சிருக்குன்னு சொல்லாதீங்க. தீந்துபோச்சுன்னு சொல்லுங்க. ஆத்தா கோவிச்சுக்கிட்டா நான் பாத்துக்கறேன். நான் மூட்டையோட வரேன்.