மஞ்சள் தடவிய கடற்பஞ்சு

என் அண்ணி ஆரோக்கியத்துக்கு அழுக்கு என்றாலே ஆகாது. நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் விளைகிற வீட்டில் பிறந்தவர். சேலத்துக்கு வாழ்க்கைப்பட்டு, அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தார். மீனோ கறியோ, மஞ்சளும் கல்லுப்பும் போட்டு நாலு தண்ணீரில் அலசாமல் அடுப்பேற்ற மாட்டார். நாங்கள் பசியில் துடித்தாலும் அந்தச் சடங்கு நடந்தே தீரும்.

1965இல், லாரிப் பட்டறையில் வேலை பார்த்த என் அண்ணன் செபஸ்தியான் காலில் ஸ்பிரிங் பட்டை விழுந்து முழங்காலுக்குக் கீழே கிழித்துவிட்டது. புண் சீழ் பிடித்தது. பென்சிலின் போட்டார்கள். பென்சிலின் என்றால் எமனே ஒதுங்குவான் என்று நாங்கள் நம்பிய காலம் அது. இந்தப் புண் அசையவே இல்லை. ஆஸ்பத்திரி டாக்டரான கன்னியாஸ்திரி, சிஸ்டர் அன்னாள், ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

"கிருமிக்குப் பென்சிலின் பழகிப்போச்சு ஆரோக்கியம். வெளிநாட்டுல புது மருந்து வந்திருக்கு, கேட்டு எழுதியிருக்கேன். அதுக்குள்ள சீழ் எலும்புக்கு ஏறினா, காலை எடுக்கணும்."

அண்ணி வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டார். திருவிழாவுக்குத் துணை நான். கிளம்பும்போது சிஸ்டர் ஒரு கண்ணாடி ஜாடியைக் கொடுத்தார். மதராசில் அவருக்குத் தெரிந்த சிலர், கிருமியைக் கொல்லும் சரக்கு கடல் சேற்றிலும் பாசியிலும் இருக்குமா என்று தேடுகிறார்களாம். கரையில் கிடைப்பதைப் போட்டுக் கொண்டுவரச் சொன்னார். கழுவாதே என்று சொல்லவில்லை. சேற்றைக் கழுவுகிற ஆள் உலகத்தில் உண்டென்று அவருக்கு எப்படித் தெரியும்?

வேளாங்கண்ணிக் கரையில், மீனவர் வலையில் சிக்கிய, கடலடியில் வளரும் கடற்பஞ்சு ஒன்றை அண்ணி ஜாடியில் போட்டுக்கொண்டார். பாதி வழியிலேயே நாற்றம் குடலைப் பிடுங்கியது. ஊர் வந்து சேர்ந்ததும் அண்ணி நேரே தொட்டிக்குப் போனார். மறுநாள் சிஸ்டர் மேஜைமேல் பளபளவென்று ஒரு மஞ்சள் பஞ்சு இருந்தது.

"இதென்ன ஆரோக்கியம்?"

"சுடுதண்ணில அலசி, மஞ்சளும் உப்பும் போட்டுத் தேய்ச்சிருக்கேனுங்க சிஸ்டர். மருந்துக்குக்கூட ஒரு பூச்சி இருக்காதுங்க."

சிஸ்டர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"மருந்துக்குத்தாம்மா அந்தப் பூச்சி வேணும்! கண்ணுக்குத் தெரியாம அதுக்குள்ள வாழறதைத்தான் தேடறாங்க. உன் வீட்டுக்காரருக்குக் கேட்டிருக்கிற மருந்துகூட, சாக்கடை கலக்கிற கடலோரத் தண்ணியில இருந்த பூஞ்சையில பிறந்ததுதான்."

அண்ணி முகத்தில் ஈயாடவில்லை. "அய்யோ, எங்கூட்டுக்காரர் கால நானே கெடுத்துப்போட்டனுங்களே!" என்று அழுதுவிட்டார். இந்தப் பஞ்சிலிருந்து மருந்து வந்தாலும் பல வருடம் ஆகும், அண்ணன் காலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தேற்றுவதற்குள் சிஸ்டருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அந்தப் புது மருந்து வந்தது. சின்னச் சின்னக் குப்பிகள். காய்ச்சல் இறங்கியது, சீழ் நின்றது, புண் ஆறத் தொடங்கியது. அண்ணன் தரையில் காலை ஊன்றிய அன்று அண்ணி முழங்காலில் நின்று செபமாலை சொன்னார். முடிந்த பிறகும் எழவில்லை. விரலில் இன்னும் பத்து மணிகள் உருண்டன.

"இது யாருக்குங்க அண்ணி?"

"அந்தச் சாக்கடைத் தண்ணிய மோந்து எடுத்தவருக்கு, தம்பி. பேரு தெரியலையே."



அடுத்த வருடம் மூன்று பேருமாக வேளாங்கண்ணிக்கு நன்றி சொல்லப் போனோம். திரும்புகையில் ஜாடி நிறைய கடல் சேறு, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றி அலசாதது. பஸ்ஸில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏசினார்கள். ஜாடியை வெளியே எறியச் சொல்லிக் கண்டக்டர் கத்தினார்.

அழுக்கு ஆகாத என் அண்ணி எழுந்து நின்றார். "எங்கள வேணா எறக்கி உடுங்க, நடந்து போறமுங்க. இத எறிய மாட்டேனுங்க. எங்கயோ ஒரு புண்ணியவான் நாத்தம் பாக்காததாலதானுங்க இவருக்குக் காலு இருக்குது."

கண்டக்டர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் ஜாடியை வாங்கித் தன் இரண்டு கால்களுக்கும் நடுவே இறுக்கி வைத்துக்கொண்டார்.