நாற்காலி அடுக்கப் போன கிட்டாரிஸ்ட் சேவியர் அண்ணன்

சேவியர் அண்ணன் போய்விட்டார்.

காலையில், அஜ்மானில் அவர் தங்கியிருந்த ரூமிலிருந்து போன். டூட்டிக்குக் கிளம்பி ஷூ மாட்டக் குனிந்தவர் நிமிரவே இல்லையாம்... ஹார்ட்.

பழைய நண்பர்களுக்குத் தெரியும். துபாயில் ஒரு ஹோட்டல் ரெஸ்டாரண்டில் நாங்கள் ஒரே பேண்ட். தூத்துக்குடிக்காரர். அவர் கிட்டார், நான் டிரம்ஸ்.

கஸ்டமர் கேட்கிற சினிமாப் பாட்டுதான் வாசிப்போம். ஆனால் அவருக்கு உயிர் ப்ளூஸ். அமெரிக்காவில் பருத்திக் காட்டில் உழைத்த கறுப்பின மக்களின் பாட்டு.

மதியம் ரெஸ்டாரண்ட் திறக்கும் முன் காலி மேஜைகளுக்கு நடுவே உட்கார்ந்து வாசிப்பார். ஒரு கம்பியை இழுத்து அப்படியே பிடித்து வைப்பார்... நான் ஸ்டிக்கைக் கீழே வைத்துவிடுவேன்.

அந்தப் பழைய மேதைகளின் கதையெல்லாம் சொல்வார். வேலையை உதறிவிட்டு கிட்டாரோடு ரயில் ஏறிப் போனவர்கள்.

ஒருமுறை பஹ்ரைனில் ஒரு ப்ளூஸ் பேண்ட் அவரைக் கூப்பிட்டது. சின்ன கிளப், நிச்சயமில்லாத வேலை. வேறு வேலைக்குப் போக எங்கள் கம்பெனி ரிலீஸ் தராது... எல்லாவற்றையும் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அப்போதுதான் ஊரில் அவர் மகள் நர்சிங் சேர்ந்திருந்தாள்.

"போங்கண்ணே. உங்க ப்ளூஸ் ஆளுங்க எல்லாம் அப்படித்தான போனாங்க" என்றேன்.

"போனாங்க தம்பி. அவங்க பொண்டாட்டி புள்ளைக என்ன ஆனாங்கன்னு எந்தப் பாட்டுலயாவது வருதால?"

போகவில்லை.

அப்புறம் ஹோட்டலில் பேண்டை நிறுத்திவிட்டு டிஜே வைத்தார்கள். கலாஸ், எல்லாம் முடிந்தது.

நான் துபாயிலேயே குசைஸ் பக்கம் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு வந்துவிட்டேன். அவரை அதே கம்பெனி விருந்து ஹாலில் போட்டது. நாற்காலி அடுக்குகிற வேலை.

ஒரு நாள் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். சாயங்கால ஷோவுக்கு வந்த வெளிநாட்டு ப்ளூஸ் பேண்ட் ஒன்று மேடையில் சவுண்ட் செக் செய்துகொண்டிருந்தது. அண்ணன் நாற்காலியைப் பிடித்தபடி அசையாமல் நின்றார்.

அவர்களில் ஒரு பெரியவர் கவனித்துவிட்டு, வாசிப்பாயா என்று கிட்டாரை நீட்டினார்.

வாசித்தார். அந்த யூனிஃபார்மோடு. டிரம்ஸ் சேர்ந்தது, பேஸ் கிட்டார் சேர்ந்தது... கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார்.

சாயங்காலம் எங்களோடு மேடை ஏறு என்றார் பெரியவர். சூப்பர்வைசர்கூட, "ஜாவ் பாய், போய் வாசி. உன் டூட்டிய நான் பாத்துக்கறேன்" என்றார்.

அண்ணன் சிரித்துக் கும்பிட்டுவிட்டு இறங்கிவிட்டார்.

எனக்குக் கோபம். "யாரும் தடுக்கலியேண்ணே... கிறுக்கா உங்களுக்கு?"

"இன்னைக்கு மேல ஏறிட்டா நாளைக்கு இந்த நாற்காலியத் தூக்க முடியாதுல."

அதற்குப் பிறகு அவர் கிட்டாரைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

மகள் நர்ஸ் ஆனாள். கல்யாணமும் முடிந்தது. ஊருக்குப் போய்விடுங்கண்ணே என்று சொல்லிப் பார்த்தேன்.

"போய் என்னல செய்ய? இத்தன வருஷம் கழிச்சு அங்க எனக்கு யாரத் தெரியும்?"

இன்று மகள் போனில் பேசினாள். உடலை அனுப்பும் பேப்பர் வேலை முடிந்து அப்பா எப்போது வருவார் என்று கேட்டாள். அப்புறம் இதையும் கேட்டாள்.

"அப்பா ப்ளூஸ் வாசிச்சு நான் கேட்டதே இல்ல அங்கிள். லீவுல வந்தா தூங்கிட்டே இருப்பாங்க. ஏதாவது ரெக்கார்டிங் இருக்கா?"

பழைய போன்களையெல்லாம் எடுத்துத் தேடிவிட்டேன். என்னிடம் இருப்பது எல்லாம் சினிமாப் பாட்டு...

பேண்ட் நண்பர்கள் யாரிடமாவது இருந்தால் இன்பாக்ஸில் அனுப்புங்கள். கொஞ்சமாக இருந்தாலும் போதும்.

போய்வாங்கண்ணே.